அத்திமரத்தில் கட்டிய இளங்கொடி

சுலோஜனா நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவிலேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயது வரைக்கும் மாடுகளோடு மல்லுக்கட்டியவள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஆசை பிடித்துத்தான் போகிறார்கள் என்று சொல்லுகிற வாய்களுக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. அந்த வாய்க்காரர் அடுத்தடுத்து இரண்டு மாரி பொய்த்த பிறகு நெடுந்தீவில் வந்து மாடு வளர்த்துப் பார்க்க வேண்டும். துரவுக் கிணறுகளில் தண்ணீர் உப்பாகி, வெளியில் புல்லின் வேர்கூட மிஞ்சாமல் போன அந்தக் காலத்தில் சுலோஜனாவின் மாடுகளில் பாதி எலும்பும் தோலுமாகி விழுந்தன. மிச்சத்தை விற்கலாம் என்றால், ஊரே விற்க நிற்கிற நேரத்தில் வாங்க யார் வருவார்கள்?

அதோடு விட்டதா? அவள் புருஷன் சயந்தன் மீன்பிடி வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவன் தடி ஊன்றித்தான் நடந்தான். அவனால் இனி வள்ளத்தில் ஏற முடியாது. மகள் சுமித்திரா யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தரம் படிக்கத் தொடங்கியிருந்தாள். கெட்டிக்காரி. அவளை மறித்துத் தீவுக்குக் கூப்பிடுவோமா என்று சயந்தன் கதையெடுத்த அன்றுதான் சுலோஜனா வாயைத் திறந்தாள்.

“பிள்ளையை மறிக்க வேண்டாம். நான் போறன்.”

“எங்கை போறீர்?”

“சைப்பிரசிலை மாடு பாக்க ஆள் கேக்கினமாம். ஊர்காவற்றுறை றொஷானி அங்கைதானே நிக்கிறாள், அவள் சொன்னவள். எனக்கு வேறை என்ன தெரியும்? மாடு எங்கையும் மாடுதானே.”

மறுக்கக்கூடிய நிலையில் சயந்தன் இல்லை. சுலோஜனா இருந்த மாடுகளைத் தமையன் பொறுப்பில் விட்டுவிட்டு, நயினாதீவு அம்மாளுக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு, குறிகட்டுவானில் பஸ் ஏறினாள்.

சைப்பிரசில் அவள் போய்ச் சேர்ந்தது மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னக் கிராமம். வீட்டுக்காரர் பெயர் கிறிஸ்தாகி. அறுபது தாண்டிய மனிதர். காலையில் எழும்பியதும் மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மாட்டின் முகத்தைப் பார்க்கிறவர். மனைவி மறூலா கட்டை உருவம், பெரிய வாய், அதைவிடப் பெரிய மனசு. பிள்ளைகள் வேறு நாட்டில். குசினிக்குப் பக்கத்து அறையைச் சுலோஜனாவுக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு படியில் போய்க் குந்தினாள். மறூலா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தங்களுடைய மேசையில் இருத்தினாள். அன்றைக்கு இருந்த கதிரைதான் கடைசிவரைக்கும் அவளுடைய கதிரை. எல்லா முதலாளி வீடும் இப்படி இருக்கும் என்று யாரும் நம்பிப் போய்விடாதீர்கள். றொஷானியைக் கேட்டால் வேறு கதைகள் சொல்லுவாள்.

சுலோஜனா என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. கிறிஸ்தாகி அதை வெட்டிச் சுருக்கிச் ‘சூலா’ ஆக்கினார். அது அந்த ஊரிலும் உள்ள பெயர்தானாம். “சூலா, தண்ணீர்! சூலா, வைக்கோல்! சூலா, வந்து சாப்பிடு!” இப்படி விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் அந்தப் பெயர் முற்றத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். கிரேக்க மொழியில் மாட்டுக்கும் குசினிக்கும் வேண்டிய சொற்களை அவள் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் போகவில்லை. போக வேண்டிய தேவையும் அப்போது இருக்கவில்லை.

வேலையில் ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கன்று விழுந்ததும் தாயிடமிருந்து பிரித்து வேறு கூட்டில் விட்டுப் போத்திலில் பால் கொடுப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாட்டின் இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, விழுந்ததும் அதைக் கிறிஸ்தாகி மண்வெட்டியால் வாரிக் குழிக்குள் எறிந்து சுண்ணாம்பு தூவுவார். எங்கள் ஊரில் அப்படி யாரும் செய்வதில்லை. கன்றோடு விழுகிற இளங்கொடியை நாய் இழுக்காமல் காத்து நின்று எடுத்து, ஓலை உமலில் போட்டுக் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரத்தில் தொங்கினால்தான் மாட்டுக்குப் பால் சுரக்கும். நிலத்தில் தாட்டால் மடி வற்றிப் போகும். இதைச் சுலோஜனாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுப்பு சுடும் என்பதைப்போல அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. ஆனால் முதலாளியின் மாடு, முதலாளியின் குழி. அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

அவள் போன புதிதில் பிறந்த ஒரு நாகு இருந்தது, பெண் கன்று. கறுப்பில் வெள்ளை. நெற்றியில் மட்டும் ஒரு வட்டம். பிறந்த அன்றைக்கே போத்திலில் பால் கொடுத்து வளர்த்தவள் சுலோஜனா. ‘புள்ளி’ என்று பெயரும் வைத்தாள். சுலோஜனா முற்றத்தில் நடந்தால் புள்ளி வேலியோடு வேலியாகக் கூடவே நடக்கும். “அது மாடில்லை, உன் மகள்” என்று மறூலா சிரிப்பாள். சுலோஜனாவும் சிரிப்பாள். சொந்த மகளைத் தொலைபேசியில் மட்டும் பார்க்கிற ஒருத்திக்கு அந்தப் பகிடி எங்கே போய்க் குத்தும் என்று மறூலாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

புள்ளி முதல் முறை சினைப்பட்டது. மாதம் நிறைவதற்கு முன்பே ஒரு காலையில் கன்றை வீசிவிட்டது. செத்த கன்று. அன்றைக்கு மறூலாவின் கண்ணைக் காட்ட வீட்டுக்காரர் இருவரும் பட்டணத்துக்குப் போயிருந்தார்கள். சுலோஜனா பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தாள். கிறிஸ்தாகி மிருக வைத்தியரோடு பேசிவிட்டுத் திரும்ப எடுத்தார். “எல்லாவற்றையும் குழியில் போடு. சுண்ணாம்பு போடு. ஒன்றும் வெளியில் மிஞ்சக் கூடாது. விளங்கியதா, சூலா? எல்லாம்.”

விளங்கியது. அதில் ஒரு குறையும் இல்லை. கன்றை அவள் தாட்டாள். சுண்ணாம்பும் கொட்டினாள். பிறகு இளங்கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு குழி வாசலில் நின்றாள்.

அந்த நேரம் அவளுக்குத் தெரிந்த இரண்டாவது விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. முதற் கன்றுக்கே பால் இறங்காத நாகு மாட்டைக் கிறிஸ்தாகி வைத்திருக்கமாட்டார். இறைச்சிக்கடை லொறி ஒவ்வொரு மாதமும் வரும். கன்றும் போய்ப் பாலும் இறங்காவிட்டால் புள்ளிக்கு அந்த லொறிதான். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆலமரத்துக்கு எங்கே போவது? தொட்டியடியில் ஒரு அத்திமரம் நின்றது. இலையைக் கிள்ளினாலே பால் வடிகிற மரம். தீன் சாக்கு ஒன்றை எடுத்து, இளங்கொடியை அதற்குள் போட்டு, இலைகள் அடர்ந்த கிளை பார்த்து உயரத்தில் கட்டினாள். “அம்மாளாச்சி, இந்தச் சீவனுக்குப் பாலைக் குடு” என்று சொன்னாள். கையைக் கழுவினாள். மனம் ஆறியது.

பின்னேரம் வந்த கிறிஸ்தாகி, “எல்லாம் தாட்டாயிற்றா?” என்று கேட்டார்.

“எல்லாம்” என்றாள்.

அதுதான் அவள் சொன்ன பொய். அதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் அவள் பொய் சொன்னதில்லை.

புள்ளிக்குப் பால் இறங்கியது. கன்று வீசிய மாட்டுக்கு இவ்வளவு பால் இறங்குமென்று தான் நினைக்கவேயில்லை என்று கிறிஸ்தாகி மடியைத் தட்டிக் கொடுத்தார். சுலோஜனாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அன்று பின்னேரம் சயந்தனுக்கு எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னாள்.

“பாத்தீங்களே? அத்திமரத்திலை கட்டினாலும் பலிக்குது.”

“நீர் ஊரை அங்கையும் கொண்டு போட்டீர்” என்று அவனும் சிரித்தான்.

அந்த அத்திக் கிளை மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. வெயிலில் சாக்கிலிருந்து சொட்டியது எங்கே விழுந்தது என்று அவள் யோசிக்கவில்லை. ஊரில் ஆலமரத்தின் கீழ் தொட்டி வைக்கிறவர்கள் இல்லை. ஆகவே அந்த யோசனை அவளுக்கு வரவே இடமில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு மாடு வீசியது. அதன் பிறகு அடுத்த கொட்டிலில் ஒன்று. கிறிஸ்தாகி சாப்பாட்டு மேசையில் பாண் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டு எழும்பிப் போகத் தொடங்கினார். மிருக வைத்தியர் வந்து எல்லா மாட்டிலும் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதிகாரிகள் வந்தார்கள், வெள்ளை உடுப்பும் சப்பாத்துக்கு மேல் உறையுமாக. கன்று வீச்சு நோய். ஒரு மாட்டில் தொடங்கிப் பட்டி முழுக்கப் பரவியிருக்கிறது. எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது என்று கொட்டில், தொட்டி, வாய்க்கால் எல்லாம் துருவினார்கள். அவர்களில் ஒருவன் தொட்டியடியில் நின்று தண்ணீர் எடுத்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

சாக்கைத் தடியால் தட்டி விழுத்திப் பிரித்தார்கள். சுலோஜனா கொட்டில் வாசலில் நின்றாள். தலைமை அதிகாரி ஏதோ கேட்டார். சத்தமான கேள்வி. கிறிஸ்தாகி சாக்கைப் பார்த்தார், பிறகு திரும்பிச் சுலோஜனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதை அவள் கண்டாள். அதிகாரியும் அவர் பார்த்த பக்கம் பார்க்கத் திரும்பினார். அதற்குள் கிறிஸ்தாகி தன் நெஞ்சில் ஓங்கித் தட்டி ஏதோ சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். கிறிஸ்தாகி கையெழுத்து வைத்தார்.

என்ன சொன்னார் என்பதைப் பிறகு றொஷானிதான் மறூலாவிடம் கேட்டுச் சொன்னாள். றொஷானி அதே கிராமத்தில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பத்து வருடமாக அங்கே நிற்பதால் அந்த மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“அக்கா, தான்தான் கட்டினதெண்டு சொல்லியிருக்கிறார். குழி வெட்டும்வரைக்கும் நாய் இழுக்காமல் தூக்கிக் கட்டினவராம், பிறகு மறந்து போனாராம். உங்கடை பேர் வந்தால் உங்களை உடனை ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள், திரும்பி வரவும் விடாங்கள் எண்டு யோசிச்சவராம். என்ரை பட்டியிலை நடந்தது என்ரை பொறுப்பு எண்டு மறூலாவுக்குச் சொன்னவராம்.”

சுலோஜனா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

மாடுகளை ஏற்றுகிற நாளில் லொறிகள் வரிசையாக வந்து நின்றன. நோய் பிடித்தது, பிடிக்காதது என்ற கணக்கெல்லாம் இல்லை, முழுப் பட்டியும்தான். புள்ளி லொறிப் பலகையில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. ஒருவன் கம்பை ஓங்கினான். சுலோஜனா ஓடிப்போய் நெற்றியைத் தடவிக் கூட்டிக்கொண்டு ஏறினாள், கட்டினாள், இறங்கினாள். அழ முடியவில்லை. யாருக்கு முன்னால் அழுவது? மறூலா வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓலமிட்டாள். கிறிஸ்தாகி கடைசி லொறி போன பிறகும் வெறும் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அது முடிந்தது என்று நினைத்த பிறகுதான் உத்தரவு வந்தது. நோய் மாட்டின் கழிவை வெளியில் வைத்துப் பட்டியைக் கெடுத்தவர் என்று, கிறிஸ்தாகி இனி மாடு வளர்க்கக் கூடாது. ஒன்றுகூட. இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். கண்டித்து விடுவார்கள், கொட்டிலைக் கழுவி ஆறப்போட்டுவிட்டு மறுபடி நான்கு நாகு வாங்கலாம் என்றுதான் நினைத்திருப்பார். தெரிந்திருந்தால் நெஞ்சில் தட்டியிருப்பாரா? சுலோஜனா இன்றைக்கும் அதை யோசிக்கிறாள். எனக்கும் தெரியாது.

உத்தரவு வந்த நாளிலிருந்து அவர் சுலோஜனாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஏசவில்லை. துரத்தவில்லை. மேசையில் அவளுடைய கதிரை அப்படியே இருந்தது. மறூலா தட்டில் சாப்பாட்டைப் போட்டுத் தள்ளினாள். ஆனால் ‘சூலா’ என்ற சத்தம் அந்த முற்றத்தில் இல்லாமற் போனது. ஒரு நாளைக்கு ஏசியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் பாவம். அவள் சயந்தனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நான் உண்மையைச் சொல்லப்போறன்.”

“விசரே உமக்கு? நீர் பேசாமல் இரும். உம்மை ஆரும் கேட்டவையோ? பிள்ளைக்குச் சோதனை வருது. உம்மை ஏத்தி அனுப்பினால் என்ன செய்யிறது? அந்த மனிசன் தானா விரும்பித்தானே சொன்னது.”

“அந்த மனிசன் மாடில்லாமல் இருக்கேலாத மனிசன், இஞ்சேருங்கோ.”

“நாங்கள் மட்டும் எப்பிடி இருக்கிறது?” என்றான் சயந்தன். அவன் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் கொடுமை.

மகளின் உயர்தரச் சோதனை முடியும் வரைக்கும் பொறுத்தாள். இந்தப் பொறுமைக்காகத் தன்னையே அவள் எத்தனை தரம் திட்டினாள் என்று கணக்கில்லை. சோதனை முடிந்ததும் றொஷானியிடம் போய், “நான்தான் அதைக் கட்டினனான், அவர் கட்டேல்லை” என்பதை அந்த மொழியில் சொல்லித் தரச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடக்கும்போதும் குளிக்கும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

கொட்டில் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அதே தலைமை அதிகாரி வந்தார். சுலோஜனா றொஷானியையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மறூலாவும் பக்கத்து வீட்டுக்காரியும், வேறு இரண்டு மூன்று பேரும் வேலியடியில் நின்றார்கள். சுலோஜனா அதிகாரிக்கு முன்னால் நின்று, தான் பாடமாக்கியதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். “இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

மொழியே தெரியாத ஒருத்தி வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு வசனம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. சுலோஜனா தமிழுக்குத் தாவினாள். பால் வடிகிற மரம், ஆலமரம், உமல், மடி வற்றுவது, எல்லாவற்றையும் கொட்டினாள். றொஷானி மொழிபெயர்த்தாள். அவள் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டில் மாடு நின்றதில்லை, ஆலமரத்தில் எதையும் கட்டியதுமில்லை. கதை அவளுக்கே புதுசு. தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் பால் வருவதற்காக ஒருத்தி அழுகின தசையைத் தூக்கி மரத்தில் கட்டினாள் என்பதை நம்புவதைவிட, நாய் இழுக்காமல் ஒரு கிழவர் கட்டிவைத்துவிட்டு மறந்துபோனார் என்பதை நம்புவது யாருக்கும் சுலபம்.

அவர் கிறிஸ்தாகி பக்கம் திரும்பினார். “இவள் சொல்வது உண்மையா?”

எல்லோரும் கிறிஸ்தாகியைப் பார்த்தார்கள். அவர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். அந்த மனிதருக்குள் என்ன ஓடியது என்று சுலோஜனாவுக்குத் தெரியும். வெறும் கொட்டில் ஓடியது. பிறகு தலையை நிமிர்த்தாமலே, “உண்மை” என்றார். “இவள்தான் கட்டினாள்.”

வேலியடியில் நின்றவர்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

“அன்றைக்கு நீங்கள்தான் கட்டியதாகச் சொல்லிக் கையெழுத்து வைத்தீர்கள். இன்றைக்கு உத்தரவு வந்த பிறகு வேலைக்காரி கட்டினாளா?” என்றார். “உங்கள் வயதுக்கு இது அழகில்லை, கிறிஸ்தாகி.”

கிறிஸ்தாகியின் காது மடல் சிவந்தது. அதிகாரி சுலோஜனாவின் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் மெல்ல மெல்லச் சொன்னார். நீ நல்ல பெண். பயப்படாதே. முதலாளிக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

“இல்லை, நான்தான்! நான்தான்!” என்று அவள் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார். பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தாண்டி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். கிறிஸ்தாகியை அவள் பார்த்த பார்வையைச் சுலோஜனாவால் மறக்க முடியாது. வாயில்லாத வேலைக்காரியை வெருட்டி மிரட்டிப் பழியைத் தலையில் கட்டப் பார்த்த கிழவன் என்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதையாகிவிட்டது. அவருடைய மாடு போனது, பட்டி போனது. அன்றைக்கு மரியாதையும் போனது.

வழியனுப்பக் கூட நடந்த சுலோஜனாவிடம் றொஷானி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அக்கா, எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ. அந்தாள் உங்களை வெருட்டினவரோ?”

பக்கத்து வீட்டுக்காரியே அவளை வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டாள். மாடில்லாத வீட்டில் மாட்டுக்காரிக்கு என்ன வேலை? போகிற அன்று மறூலா மட்டும் வாசலுக்கு வந்தாள். சுலோஜனா அவள் கையைப் பிடித்து, அதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையாக, “மன்னிப்பு, மன்னிப்பு” என்றாள். மறூலா கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, இறுக்கிப் பிடிக்கவுமில்லை. வேலை உடன்படிக்கை முடியும் வரைக்கும் சுலோஜனா அந்த அடுத்த வீட்டில் நின்றாள். குசினி யன்னலைத் திறந்தால் வெறும் கொட்டில் தெரியும். கிறிஸ்தாகி காலையில் பழக்கதோஷத்தில் அங்கே வந்து நிற்பார், பிறகு திரும்பிப் போவார். கோப்பிக் கடைக்கு அவர் போவதை நிறுத்திவிட்டார்.

அங்கிருந்து அனுப்பிய காசில் சுமித்திரா பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கிறிஸ்தாகி நெஞ்சில் தட்டியது அதற்குத்தான் உதவியது. சுலோஜனாவுக்கு மகளை நினைத்துச் சந்தோஷப்பட வெளிக்கிட்டால் அந்த மனிதர்தான் முன்னால் வந்து நிற்பார்.

போன ஆவணியில் அவள் நெடுந்தீவுக்குத் திரும்பினாள். வந்த கிழமையே அயலில் உள்ளவர்கள் வந்து கூடினார்கள். றொஷானியின் வீட்டார் மூலம் கதை அவளுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது.

“உன்ரை முதலாளி பொல்லாதவனாமே” என்று தொடங்கினாள் செல்லாச்சி. அவள் தலைமுறையாக மாடு வைத்திருக்கிற வீட்டுக்காரி. அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று சுலோஜனாவுக்குத் தோன்றியது. ஆலமரமும் உமலும் தெரிந்த மனிசி. இவளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஒன்றையும் ஒளிக்காமல், தொட்டிக்கு மேலே சாக்குத் தொங்கியதிலிருந்து லொறிவரை சொல்லிவிட்டு, “என்ரை கையாலைதான், செல்லாச்சியக்கா, அவ்வளவு மாடும் செத்தது. நான்தான் கட்டினனான்” என்றாள்.

“நீ கட்டியிருப்பாய். கட்டாமல் விடுவியோ? எங்கடை பிள்ளையெல்லே” என்றாள் செல்லாச்சி.

சுலோஜனா நிமிர்ந்தாள். அத்தனை வருடத்தில் முதன்முதலாக வீட்டுக்கு வெளியே ஒரு மனிதப் பிறவி நம்பியிருக்கிறது.

“ஆனால் விசர்க்கதை கதையாதை. இளங்கொடி கட்டி எங்கையாவது மாடு செத்ததே? இந்தத் தீவிலை எத்தினை ஆலமரத்திலை எத்தினை உமல் தொங்குது. கட்டினபடியால்தானே உன்ரை நாகுக்குப் பால் வந்தது? அவன் மாட்டை ஒழுங்காப் பாக்காமல் சாக விட்டிட்டு, உன்ரை தலையிலை போட்டு அனுப்பியிருக்கிறான். நீயும் நம்பிக்கொண்டு வந்திருக்கிறாய், பேய்ச்சி!”

சுற்றி இருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். தடியை ஊன்றியபடி வாசலில் நின்ற சயந்தனும் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு சுலோஜனா யாருக்கும் சொல்வதில்லை. கட்டினவள் அவள் என்று அந்த வீட்டாரைத் தவிர அங்கே ஒருவரும் நம்பவில்லை. கட்டினது பிழை என்று இங்கே ஒருவரும் நம்பவில்லை. நான் செய்த பிழை இது என்று சொல்லி, ஓம், நீ செய்த பிழைதான் என்று ஒருவர் வாயால் ஏச்சு வாங்க அவளுக்கு இந்த உலகத்தில் ஓர் இடம் இல்லை.